மைக்கலின் படகுக்கு நான் பூசிய கரி

உப்புவெளி,
திருகோணமலை.
18.11.2007

அன்பு மகள் ஞானமலருக்கு,

மாதாவின் கிருபையால் அப்பாவும் அம்மாவும் சுகம். லண்டன் குளிரிலே நீயும் சுகமாயிருக்க வேண்டிக்கொள்கிறோம். நத்தார்ப் பண்டிகைக்கு வருவதாக நீ எழுதிய நாள் தொடக்கம் அம்மா குசினிக்கும் வாசலுக்குமாக நடக்கிறா. நாலு வருசமாக முகம் பார்க்காத பிள்ளை, எப்படியும் வந்துவிடு.

நிற்க, உன் ஆராய்ச்சியால் இங்கே ஒரு படகு கடலிலே தாண்டு போனது. பதறாதே, ஆளுக்கு ஒன்றுமில்லை. தலைமயிரிலும் எத்தனையோ மடங்கு மெல்லிய கரிக்குழாய்களைப் பிளாஸ்டிக்கிலே கலந்தால் அது உறுதிப்படும் என்று எழுதினாயே, அதை நான் ஊரெல்லாம் வாசித்துக் காட்டினேன். உன் மாமா மைக்கலின் பைபர் படகிலே ஒரு வெடிப்பு. ரெசின் பூசி ஒட்டப் போனவனை மறித்து, கரியெல்லாம் ஒரே கரிதானே என்று சிரட்டைக் கரியை இடித்து, அம்மாவின் அரிதட்டிலே அரித்து, ரெசினுக்குள்ளே கொட்டினேன். நூறு பங்குக்கு ஒரு பங்கு போதும் என்றுதான் எழுதியிருந்தாய். நல்ல சாமான் கூடினால் என்ன பிழை எண்டு நான் ரெண்டு சிரட்டை நிறையப் போட்டனான். "அத்தான், கட்டி கட்டியாக் கிடக்குதே" எண்டான் மைக்கல். "லண்டன் படிப்படா, பேசாமல் பூசு" எண்டன். கரை தாண்டி முதல் அலை அடிச்ச உடனே, கட்டி நிண்ட இடத்திலேயே டப்பெண்டு வெடிச்சுது. கட்டி பட்டால் அதிலேதான் முதலில் உடையும் எண்டு நீயும் எழுதித்தான் இருந்தாய். அந்த இடம் வரேக்க நான் பெருமையிலே அழுதுகொண்டிருந்தனான், எழுத்துத் தெரியேல்லை.

கரைக் காவலில் நிண்ட நேவிக்காரர்தான் மைக்கலைத் தண்ணியிலிருந்து தூக்கினவங்கள். பேந்து கரையிலே மிஞ்சிக் கிடந்த கறுப்புத் தூளைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாங்கள். இந்தச் சண்டைக் காலத்திலே வெடிமருந்து மாதிரிக் கறுப்புத் தூளோடு பிடிபடுகிறவன் பாடு உனக்குத் தெரியும்தானே. நான் நெஞ்சை நிமிர்த்தி, இது என்ர மகளின்ர படிப்பு, அவ லண்டனிலே பெரிய ஆராய்ச்சிக்காரி எண்டு விளங்கப்படுத்தினன். கவனமாய்க் கேட்டு எழுதி எடுத்தாங்கள். தேத்தண்ணியும் தந்து அனுப்பினவங்கள், நல்ல மனுசர்.

அண்டு தொட்டு ஒண்டு யோசிக்கிறன், மகள். எதை எப்படி உடைக்கலாம் எண்டு படிச்சவங்கள்தான் இங்கே கனபேர். ஒரு சாமான் உடையாமல் இருக்க என்ன செய்யலாம் எண்டு நீ படிக்கிறாய். அது எனக்குப் பெரிய ஆறுதல். வரேக்க அந்தக் குழாயிலே ஒரு சிட்டிகை கொண்டு வா, மைக்கலோடு நான் திரும்பவும் கதைக்க வேணும்.

தேவ ஆசீர் உன்னோடு இருப்பதாக.

உன் வரவைப் பார்த்திருக்கும் அப்பா,
பேணாட்

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போக மைக்கல் ஓடி வந்தான். காவலிலே இண்டைக்கும் மறிச்சுக் கேட்டவங்களாம், "அந்த மகள் எப்ப வாறா?" எண்டு. உன்ர பேரைக் குடுத்தவன் நான்தான். மேலே எழுதினதெல்லாம் விடு. இதைத் தபாலிலே போடேல்லை, கொழும்புக்குப் போற பாதரிட்டக் குடுத்து விடுறன். அம்மா பலகாரத்துக்கு மா இடிக்கிறா. உனக்கு லீவு கிடைக்கேல்லை எண்டு அவவிட்டச் சொல்லப் போறன், நீயும் அப்படியே எழுது. வராதே, மகள்.