நிர்வாகியால் நீக்கப்பட்டது

என் கல்யாணத்துக்குத் தடை இருந்தால் சொல்லுங்கள் என்று உலகத்துக்கே பெட்டி திறந்து வைத்தவன் நானேதான். வேறு யார் மேலும் பழி போட முடியாது. (போட்டுப் பார்த்தேன். எடுபடவில்லை.)

நடந்தது இரண்டாயிரத்துச் சொச்சத்தில். மர்பி டவுனில் எங்கள் வீடு, இரண்டு தெரு தள்ளிக் கோயில். வெளிநாட்டு டாக்டர்கள் பேசிப் பதிவுசெய்ததைக் காதில் கேட்டு டைப் அடிப்பதுதான் என் உத்தியோகம். ஆனால் பங்குத் தந்தையைப் பொறுத்தவரை நான் கம்ப்யூட்டர் நிபுணன். ஞாயிறு அறிவிப்புகளை ஒரு வலைப்பூவில் போடும் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார். குவைத்துக்கும் துபாய்க்கும் போன நம்ம ஜனங்கள் படிக்க வேண்டுமாம்.

அந்த வலைப்பூவின் பழைய எழுதுபலகையை நினைத்தால் இப்போதும் எனக்கு மரியாதை வருகிறது. ஒரு வெள்ளைப் பெட்டி. கீழே இரண்டு பொத்தான். ஒட்டு, அழுத்து, வீட்டுக்குப் போ. முதல் நாளே கருத்துப் பெட்டியை மூடிவைத்திருந்தேன். பூசை நேர அறிவிப்பில் யாருக்கு என்ன கருத்து இருக்கப் போகிறது?

எங்கள் வழக்கப்படி கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகன் இன்னாருக்கும், இன்னார் மகள் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத் தந்தைக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று முடியும். மூன்று ஓலையும் தடங்கலில்லாமல் போனால்தான் கல்யாணம். எனக்கும் ஸ்ரீராம்புரத்து ஸ்டெல்லாவுக்கும் முதல் ஓலை நல்லபடியாகப் போயிற்று. இரண்டாவது ஓலை வாசித்த ஞாயிறு, பூசை முடிந்து பங்கு அலுவலகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். திறந்தால் வேறு வீடு.

வெள்ளைப் பெட்டியைக் காணோம். இடப்பக்கம் ஒரு பட்டியல், வலப்பக்கம் ஒரு பட்டியல், நடுவில் "புதிய முகப்புக்கு நல்வரவு" என்று ஓர் ஆரஞ்சு நிறப் பட்டை. போதாக்குறைக்கு எல்லாம் தமிழுக்கு மாறியிருந்தது. எனக்குத் தெரிந்ததோ ஜெபப்புத்தகத் தமிழ். "ஆசீர்வதியும்" என்றால் புரியும். "இயல்புநிலை அமைப்புகளை மீட்டமை" என்றால் முழங்கால் போடத்தான் தோன்றும். அது கேள்விமேல் கேள்வி கேட்டது. எதற்கும் சரி சொல்லிப் பழகியவன் நான். புதிய முகப்புக்கு மாறலாமா? சரி. கருத்துகளை அனுமதிக்கலாமா? சரி. என் கூலிங் கிளாஸ் போட்டோவுக்குக் கீழே "நிர்வாகி" என்று போடலாமா? பேஷாகப் போடலாம்.

திங்கட்கிழமை மத்தியானம் ஆபீசில் சாப்பாட்டு நேரத்தில், என் பெயர் இணையத்தில் எவ்வளவு அழகாக இருக்கிறது என்று பார்க்கப் போனேன். ஓலைக்குக் கீழே ஒரு கருத்து.

"இந்த மணமகனுக்கு ஏற்கனவே கல்யாணம் ஆகி மூன்று வருடம் ஆகிறது. நானே கண்ணால் பார்த்திருக்கிறேன்..."

அதற்கு மேல் இல்லை. பெயரும் இல்லை. பதறிப்போய் அந்தக் கருத்தின் தலையில் இருந்த குப்பைத்தொட்டிப் படத்தை அழுத்தினேன். நிச்சயமாக நீக்கவா என்று கேட்டது. சரி!

பக்கத்து நாற்காலியில் முரளி தயிர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அத்திபெலேயிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிற என் சிநேகிதன்.

"என்ன குரு, படிச்சியா? ஃபுல்லா படிச்சியா?" என்று பல்லைக் காட்டினான். அவனுக்கு எல்லாருமே குருதான்.

"நீயாடா? டேய், அது கோயில் ஓலைடா!"

"தடை இருந்தா சொல்லுங்கன்னு போட்ருந்துச்சு. கீழ பாக்ஸ் வேற குடுத்திருந்தீங்க. நான் கேம்னு நெனச்சேன்."

வாழ்த்து மடல்தான் எழுதினேன் என்று அம்மா மேல் சத்தியம் செய்தான். மீதி "மேலும்" என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிந்திருந்ததாம். கொசு அளவில், வெளிர் நீலத்தில் இருந்த அந்தச் சொல் என் கண்ணில் படவேயில்லை. போகட்டும், அழித்தாயிற்று, யாரும் பார்த்திருக்க மாட்டார்கள் என்று நிம்மதியாக மோர் குடித்தேன்.

குவைத்தில் ஸ்டெல்லாவின் சித்தப்பா காலையிலேயே பார்த்துவிட்டிருந்தார். அவருக்கும் "மேலும்" தெரியவில்லை. உடனே ஸ்ரீராம்புரத்துக்குப் போன். என் வருங்கால மாமனார் எதையும் தன் கண்ணால் பார்க்காமல் நம்பாதவர். சட்டையை மாட்டிக்கொண்டு நேராக பிரவுசிங் சென்டருக்குப் போயிருக்கிறார். அவர் போய்ச் சேர்ந்தபோது அந்த இடத்தில் ஒரே ஒரு வரி இருந்தது.

"இந்தக் கருத்து நிர்வாகியால் நீக்கப்பட்டது."

"யாருங்க இந்த நிர்வாகி?" என்று கடைக்காரரிடம் கேட்டிருக்கிறார். கடைக்காரர் பக்கத்தின் ஓரத்தைக் காட்டியிருக்கிறார். அங்கே கூலிங் கிளாஸோடு நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை ஸ்டெல்லாவிடமிருந்து போன் வந்தது.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அத அழிச்சது நீங்களா?"

"நான்தான், ஆனா..."

"ஒண்ணுமில்லன்னா எதுக்கு அழிச்சீங்க?"

அவள் அழுதிருந்தாள் என்பது குரலில் தெரிந்தது. அதைக் கேட்டபோதுதான் எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது. இந்தப் பெண் எனக்குக் கிடைக்காமலே போய்விடுவாளோ என்று.

மறுநாள் மாலை பங்கு அலுவலகத்தில் விசாரணை. ஃபாதர், மாமனார், ஸ்டெல்லா, நான், என் அம்மா. வெளியே வராந்தாவில் முரளியை நிறுத்தி வைத்திருந்தேன்.

"தடைன்னு ஒண்ணு வந்துட்டா, விசாரிக்காம நான் மூணாவது ஓல வாசிக்க முடியாது சேவியர்," என்றார் ஃபாதர்.

"ஃபாதர், அது தமாஷுக்கு எழுதினது. எழுதினவனையே கூட்டி வந்திருக்கேன்."

மாமனார் என்னைப் பார்க்காமல் ஃபாதரைப் பார்த்தே பேசினார். "ஃப்ரெண்டு ஃப்ரெண்டுக்காக இன்னா வேணா சொல்லுவான். எழுதினத காட்டச் சொல்லுங்க ஃபாதர். ஏன் காட்ட மாட்டேங்கறாரு?"

"அழிச்சிட்டேன் மாமா."

"ஆங். அதத்தான் கேக்கறேன்."

அம்மா என் பக்கம் திரும்பி, "டேய், எங்கிட்டயாவது உண்மையச் சொல்லுடா," என்றாள். பெற்ற தாயே கட்சி மாறிவிட்டாள்.

நான் வியர்த்துக் கொட்டுவதைப் பார்த்த ஃபாதர் மெதுவாக எழுந்து பீரோவைத் திறந்தார். அவருக்குத் திரையில் எதையும் படிக்கப் பிடிக்காது. பங்கின் முகவரிக்கு வரும் மின்னஞ்சல் ஒவ்வொன்றையும் காலையில் அச்செடுத்து, துளை போட்டு ஃபைலில் கோத்துவிடுவார். படிப்பது அப்புறம். "நேத்து அந்த வலைப்பூலேருந்து என்னமோ வந்துச்சே" என்று புரட்டினார். யார் கருத்து எழுதினாலும் அதை அப்படியே மின்னஞ்சலில் அனுப்பி வைப்பதற்கும் நான் சரி சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது.

ஃபாதர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பிரசங்கக் குரலில் வாசித்தார்.

"இந்த மணமகனுக்கு ஏற்கனவே கல்யாணம் ஆகி மூன்று வருடம் ஆகிறது. நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். மணமகள் மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் இருக்கும் கம்ப்யூட்டர். அவளுக்குத் தினமும் துணியால் முகம் துடைத்துவிடுவார். அவள் உறைந்து நின்றால் இவருக்குச் சாப்பாடு இறங்காது. சகோதரி ஸ்டெல்லா அவர்களே, இவரை எப்படியாவது அவளிடமிருந்து மீட்டுக் கூட்டிப் போங்கள். எழுத்துப்பிழை பார்ப்பதைத் தவிர வேறு கெட்ட பழக்கம் கிடையாது. தங்கமான பையன்."

முதலில் சிரித்தது ஸ்டெல்லா. கையால் வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். அப்பாடா என்று நான் விட்ட மூச்சில் மேஜை மேலிருந்த காகிதம் பறந்தது என்று அம்மா இன்றும் சொல்கிறாள்.

மாமனார் சிரிக்கவில்லை. அந்தத் தாளை வாங்கி, இரண்டு முறை தன் கண்ணால் படித்தார். பிறகு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

"அந்தக் கம்ப்யூட்டர் இன்னும் அங்கதான் கீதா?"

"இருக்கு மாமா."

"சீட்ட மாத்திக்கோ."

மாற்றிக்கொண்டேன். மூன்றாவது ஞாயிறு ஓலை வாசிக்கும்போது, "தடை ஏதும் அறிந்தவர்கள்" என்ற இடத்தில் கோயிலே திரும்பி, கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த முரளியைப் பார்த்தது. அவன் இரண்டு கையையும் தூக்கி, ஒன்றுமில்லை என்று ஆட்டினான். ஃபாதர் தலையசைத்துவிட்டு மேலே வாசித்தார்.

கல்யாணம் ஆகி இத்தனை வருடத்தில், எங்கள் வீட்டில் எந்தப் பொருளும் காணாமல் போவதில்லை. கிறிஸ்துமஸ் பலகாரமான கல்கல் இருக்கும் டப்பா பாதி காலியானாலும், பிரிட்ஜில் வைத்த கடைசித் துண்டு கேக் மாயமானாலும், என் பெண்கள் இருவரும் சமையலறையிலிருந்து ஒரே குரலில் கத்துவார்கள்: "அம்மா, நிர்வாகியால் நீக்கப்பட்டது!"

ஸ்டெல்லா உள்ளே வந்து என் வாயோரத்தைப் பார்ப்பாள். "ஒண்ணுமில்லன்னா எதுக்கு அழிச்சீங்க?" என்பாள்.

நான் அவசரமாகத் துடைத்துக்கொண்டிருப்பேன்.