ஒன்றரை ஏக்கருக்கு ஐம்பது குதிரைகள்

உலகின் எந்த மந்திரிசபையும் எங்கள் குடும்பக் குழுவைப் போல ஒரு விஷயத்தை ஆழமாக ஆலோசித்ததில்லை. எடமலைப்பட்டி புதூரில், ஸ்தனிஸ்லாஸ் பெரியப்பா வீட்டு ஹாலில், ஞாயிறு பூசை முடிந்ததும் அது கூடும். முதலில் ஜெபம், பிறகு காபி, பிறகு விவாதம். தீர்மானங்களை எழுத நீல அட்டை நோட்டு உண்டு. அதில் கையெழுத்துப் போடாமல் யாரும் எழுந்ததில்லை.

இம்முறை பொருள்: எனக்கு ஒரு டிராக்டர்.

துறையூர் பக்கம் எனக்கு ஒன்றரை ஏக்கர் இருக்கிறது. அதில் சின்ன வெங்காயம் போட வேண்டும் என்பது என் மனைவி ஃபெமினாவின் ஆசை. வயலுக்குப் போகும் பாதையைத் துப்பட்டாவால் அளந்து, "அஞ்சடிதாங்க. மினி டிராக்டர்தான் போகும்" என்று சொல்லியிருந்தாள். அவள் காய்ச்சலில் இறந்து எட்டு மாதமாகிறது. மழைக்கு முன் உழுதுவிட்டால், அவள் சொன்ன ஒன்றையாவது செய்ததாக இருக்கும்.

இந்தச் "சிறு தகவலை" குழுவின் முன் வைத்தேன்.

"மினியா?" என்றார் பெரியப்பா. முப்பது வருடம் ஆபீஸ் சூப்பிரண்டாக இருந்தவர். "நம்ம குடும்பத்துல முதல் டிராக்டர்டா. பொம்மையா வாங்குறது?"

"எம் பொண்ணோட மாமனார் வீட்டுலயே நாப்பத்தஞ்சு ஹெச்.பி. நிக்குது. நாம குறைஞ்சா நல்லாவா இருக்கும்?" என்றார் அற்புதம்மாள் அத்தை.

"அம்பது போயிடலாம் மாமா" என்றான் அத்தை மகன் பிரவீன்ராஜ், பெரியப்பாவைப் பார்த்து. வயலில் இறங்கியதில்லை, யூடியூபில் நாற்பது டிராக்டர் பார்த்த "நிபுணன்". "பாட்டுப் பெட்டியும் தனியா போட்டுக்கலாம்."

"பாதை அஞ்சடி" என்றேன்.

"நீ சும்மா இருய்யா. உனக்கு இப்ப மனசு சரியில்ல" என்றார் அத்தை, கனிவாக.

நிறத்துக்கு மட்டும் இரண்டு ஞாயிறு ஆனது. நீலம் மாதாவின் நிறம் என்பதால் சிவப்பு தோற்றது. கையெழுத்திட்டோம்.

டிராக்டர் வந்த அன்று ஃபாதர் மந்திரித்து, தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார். பக்கத்து வயல் ரங்கசாமி அதை ஒருமுறை சுற்றி வந்தார். பாதையின் ஒரு பக்கம் அவர் கிணறு, மறுபக்கம் வாய்க்கால்.

"வண்டி ஜோரா இருக்குங்க. உள்ள எப்படிங்க போகும்?"

குழு அங்கேயே "அவசரக் கூட்டம்" கூடியது.

"உங்க கிணத்தக் கொஞ்சம் தள்ளிக்க முடியுமாங்க?" என்று கேட்டார் பெரியப்பா.

"கிணத்தையா? அதுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்றேங்க."

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அத்தை குடையை விரித்தார். "போட்டோ எடுத்தாச்சுல்ல? உழவு அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

தீர்மானத்தை எழுதச் சொல்லி, பெரியப்பா நோட்டை என்னிடம் நீட்டினார். பழைய பக்கம் ஒன்று திறந்துகொண்டது.

"பொருள்: ஃபெமினாவின் காய்ச்சல். எந்த ஆஸ்பத்திரி?"

தெருமுனை டாக்டர் அன்றே அட்மிட் செய்யச் சொல்லியிருந்தார். சின்ன ஆஸ்பத்திரி நம் மதிப்புக்கு ஆகாது என்றார் அத்தை. எது பெரியது என்று பிரவீன்ராஜ் யூடியூபில் பார்த்தான். மூன்று நாள், மூன்று கூட்டம். முடிவு மிகச் சிறந்தது, ஏகமனதானது. அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் வாசலில் எங்கள் கார் நின்றபோது, உள்ளே கொண்டுபோக அவளிடம் உயிர் இல்லை.

கீழே நான்கு கையெழுத்துகள். நான்காவது என்னுடையது.