வை என்றால் ஏனாம்

சேசு மரி சூசை துணை

முல்லைத்தீவு
1955, அந்தோனியார் திருநாள் கழிந்த திங்கட்கிழமை

என் பிரியமுள்ள மருமகன் யோசெப் அவர்களுக்கு மாமன் யாக்கோப்பு எழுதுவித்துக்கொள்வது. சர்வேசுரனுடைய கிருபையினால் நானும் உங்கள் மாமி றோசம்மாவும் சுகமாயிருக்கிறோம். பசு பால் வற்றி நிற்கிறது, அது தவிர வீட்டில் குறையொன்றுமில்லை. நீங்களும் மகள் புனிதமும் புதிதாய்ப் பிறந்திருக்கிற என் பேரனும் கொழும்புப் பட்டினத்தில் காய்ச்சல் தடிமன் இல்லாமல் இருக்க வேண்டுமென்று இராச் செபத்தில் உங்கள் மூன்று பேருடைய பெயரையும் சொல்லி மன்றாடி வருகிறோம். பேரனுக்கு இன்னும் பெயர் வைக்காதபடியால் மாமி அவனை "அந்தப் பிள்ளை" என்று சொல்லி மன்றாடுகிறா. ஆண்டவருக்கு விளங்கும்.

எனக்கு எழுத்துத் தெரியாதென்பது நீங்கள் அறிந்ததே. நான் வாயால் சொல்ல, சந்தியில் கடை வைத்திருக்கிற பக்கீர் எழுதுகிறார். நான் "போனனான்" என்று சொன்னால் அவர் "சென்றேன்" என்று எழுதுகிறார். கடிதம் மரியாதையாய்ப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனால் ஆட்கள் கதைத்த கதையை மட்டும் வாயிலிருந்து வந்தபடியே எழுத வேண்டுமென்று சொல்லியிருக்கிறேன், அதில் அவர் கைவைக்கக் கூடாது.

உங்கள் கடிதத்தைப் பக்கீர் ஒருமுறைதான் வாசித்தார். ஒருமுறை கேட்டால் எனக்குப் போதும். ஞானஸ்நானத்துக்கு உங்கள் கொம்பனித் துரையும் துரைசானியும் வருகிறார்கள் என்றும், மாமா நாலைந்து இங்கிலீசுச் சொல் பழகிக்கொண்டு வந்தால் நல்லது என்றும், கஷ்டமென்றால் வெக்கை தணிந்த பிறகு ஆறுதலாக வந்து பிள்ளையைப் பார்க்கலாம் என்றும் எழுதியிருந்தீர்கள். முன் பாதியைவிடப் பின் பாதி எனக்கு நன்றாக விளங்கியது. எனக்குக் கோபமில்லை, மருமகன். துரைக்குப் பக்கத்தில் என்னை நிறுத்தினால் எப்படியிருக்கும் என்று நானே ஒருமுறை மனதுக்குள் நிறுத்திப் பார்த்தேன், நல்லாயில்லைத்தான். ஆனாலும் பேரனைக் கோயில் வாசல் மட்டுக்கும் என் கையில் ஏந்திக்கொண்டு போக வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை இருக்கிறது. அதை விட முடியவில்லை. ஆகையால் இங்கிலீசு பழகுவோமென்று பக்கீரிடம் போனேன். கச்சேரி உத்தியோகத்தருக்குச் சுருட்டு விற்று விற்று அவர் கொஞ்சம் இங்கிலீசு பிடித்து வைத்திருக்கிறார்.

என் ஞாபகத்தில் நீங்கள் சந்தேகப்பட வேண்டாம். சுவாமியார் பூசையில் சொல்லுகிற லத்தீனை முதலிலிருந்து கடைசி மட்டும் நான் பாடமாய்ச் சொல்லுவேன், ஒரு சொல்லுக்கும் கருத்துத் தெரியாது. கருத்துத் தெரியாததால்தான் அது என்னோடு இவ்வளவு காலமும் சமாதானமாய் இருந்திருக்கிறது. இங்கிலீசு அப்படியில்லை, கருத்தோடு வருகிறது. அதுவும் எங்கள் சொல்லுக்குள்ளேயே வந்து குடியிருக்கிறது. பக்கீர் முதல் நாள் சொல்லித்தந்தது இவை: இல்லை என்பதற்கு "நோ". மன்னித்துக்கொள்ளுங்கோ என்பதற்கு "சொறி". உபகாரம் என்பதற்கு "தாங்கியூ". ஏன் என்பதற்கு "வை". காலையில் ஆளைக் கண்டால் "குட்மோர்னிங்". நான் சொன்னேன், "தம்பி, எங்களுக்கு நோ எண்டால் தேகத்து வலியெல்லோ? சொறியெண்டால் தோலிலை வாறதெல்லோ?" பக்கீர் சொன்னார், "யாக்கோப்பண்ணை, பழைய கருத்தை மறந்துபோட்டுப் புதுசை வச்சுக்கொள்ளுங்கோ." "அதெப்பிடி? காலங்காலமாய்க் குடியிருக்கிறவனை எழுப்பிப்போட்டு, நேத்து வந்தவனுக்கே பாய் போடுறது?" என்று கேட்டேன். அதற்குள் சுருட்டு வாங்க ஆள் வந்துவிட்டது.

மறுநாள் விடிய எழும்பி, மாமி அடுப்பூதிக்கொண்டிருக்க, குசினி வாசலில் நின்று நல்ல சத்தமாய் "குட்மோர்னிங்" என்றேன். அவா ஊதுகுழலைக் கீழே வைக்காமலே, "மோருமில்லை, தயிருமில்லை. மாடு வத்தினது உங்களுக்குத் தெரியாதே? தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் போங்கோ" என்றா. அது முதல் பாடம்.

வீட்டில் பழக இடமில்லையென்று கண்டு, இங்கே ஆஸ்பத்திரிக்குப் புதிதாய் வந்திருக்கிற டொக்டரிடம் போனேன். அவர் பறங்கி மனுசன், தமிழ் தெரியாது, நல்ல சிரித்த முகம். எனக்கும் கன நாளாய் இடது முழங்கால் நோ. காலையும் காட்டினதாயிருக்கும், சொல்லையும் பழகினதாயிருக்கும் என்று கணக்குப் போட்டேன். குட்மோர்னிங் சொன்னேன், அவரும் திருப்பிச் சொன்னார், மோர் கேட்டதாய் அவர் நினைக்கவில்லை. எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. பிறகு என்னை வாங்கிலில் இருத்தி, முழங்காலைப் பிடித்து மடக்கி ஏதோ கேட்டார். உயிர் போகிற மாதிரி இருந்தது. அந்த நேரத்தில் மனுசனுக்கு எந்தப் பாஷை வரும், நீங்களே சொல்லுங்கோ. "நோ! நோ!" என்று கத்தினேன். அவருக்கு முகமெல்லாம் சந்தோஷம். "நோ?" என்று கேட்டு இன்னும் கொஞ்சம் மடக்கினார். "ஐயோ, நோ, சரியான நோ!" என்றேன். தலையைத் தலையை ஆட்டிக்கொண்டு மிச்சமிருந்ததையும் மடக்கினார். நான் நோ என்று கத்தக் கத்த அவர் என் கால் குணமாகிவிட்டதென்று மடக்க, கடைசியில் கால் தானாக உதைத்து, பக்கத்திலிருந்த தகரப் பேசன் உருண்டு கதவுக்கு வெளியே போய்விட்டது. எனக்கு வெட்கம். பாடம் ஞாபகம் வந்தது. எழும்பி நின்று, கைகூப்பி, "சொறி, சொறி" என்றேன். அந்த வேளை பார்த்துப் பேசனைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே வந்தார் அங்கே மருந்து எடுத்துக் கொடுக்கிற வீரகத்தி.

"சொறியோ? இதை முதலே சொல்லியிருக்கலாமே அண்ணை. எங்கை, கையிலையோ காலிலையோ?"

"இல்லைத் தம்பி, இது அந்தச் சொறி இல்லை. இது இங்கிலீசுச் சொறி."

"எந்த நாட்டுச் சொறியெண்டாலும் எங்களிட்டை மருந்து ஒண்டுதான்" என்று சொல்லி அலுமாரியைத் திறந்து, கெந்தகம் போட்ட மஞ்சள் களிம்பை எடுத்து, நான் மறிக்க மறிக்க இரண்டு கையிலும் முழங்கை மட்டுக்கும் பூசி, மிச்சத்தைச் சிரட்டையில் போட்டுத் தந்துவிட்டார். முழங்காலுக்கு ஒரு மருந்துமில்லை, அதுதான் நோ இல்லையே.

வீட்டுக்கு வந்தேன். மாமி மூக்கைப் பொத்திக்கொண்டு, "இங்கிலீசு படிக்கவெண்டு போன மனுசன் நரகத்தாலை வந்தமாதிரி மணந்துகொண்டு நிக்கிறார். இஞ்சாருங்கோ, கிணத்தடிக்குப் போங்கோ, படத்துக்குக் கிட்ட வராதேங்கோ" என்றா. சேசுநாதர் படம் தொங்குகிற சுவரைத்தான் சொன்னா. எத்தனை வாளி தண்ணீர் வார்த்தும் அந்த மணம் போகவில்லை.

இதோடு விட்டிருக்க வேண்டும். விடவில்லை. அடுத்த நாள் நந்திக்கடலில் வலை வீசி, நல்லதொரு கொடுவா பட்டு, அதை ஓலைப் பறியில் போட்டுக்கொண்டு, வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வருகிறேன், கரையோரச் சேற்று மணலில் ஒரு ஜீப் புதைந்து நிற்கிறது. காணி அளக்க வந்த ஒரு துரை, தொப்பியும் காற்சட்டையுமாய்ப் பக்கத்தில் நிற்கிறார். மீனைக் காட்டி ஏதோ கேட்டார், தருவாயா என்று கேட்டிருப்பார். அது மாமிக்கென்று நினைத்துக் கொண்டுவந்த மீன், களிம்பு மணத்துக்குச் சமாதானமாய் இருக்கட்டுமென்று. ஆனபடியால் "நோ" என்றேன். சரியான இடத்தில் சரியான சொல். அவர் என்னைப் பார்த்து "வை?" என்று கேட்டார். மருமகன், வை என்றால் ஏன் என்று எனக்குத் தெரியும். என் காதுக்கும் தெரியும். கைக்குத் தெரியாது. இவ்வளவு காலமும் வை என்று கேட்டவுடன் வைத்த கை அது. பறியைக் கீழே வைத்துவிட்டேன். அவர் பறியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பவும் "வை?" என்றார். வலையை வைத்தேன். அவருக்கு விளங்கவில்லை, முகத்தைச் சுருக்கி "வை, வை?" என்றார். தலைத்துண்டை அவிழ்த்து வலைக்கு மேலே வைத்தேன். இனி என்னிடம் இடுப்பில் கட்டின சாரம் ஒன்றுதான் மிச்சம். இன்னும் ஒரு தரம் கேட்டிருந்தால் என் மானம் நந்திக்கடலோடு போயிருக்கும், அந்தோனியார் காப்பாற்றினார். எல்லாவற்றையும் காலடியில் வைத்து நிற்கிற கிழவனைப் பார்த்து, மீனைத்தான் அன்பளிப்பாய்த் தருகிறேன் என்று அந்த நல்ல மனுசன் நினைத்திருக்க வேண்டும். ஜீப்புக்குள்ளிருந்து மூடியில் அரண்மனைப் படம் போட்ட ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து என் கையில் தந்து, கொடுவாவைத் தூக்கிக்கொண்டு ஏறி, எஞ்சினைக் கிளப்பிவிட்டு, "தாங்கியூ, தாங்கியூ" என்றார். உபகாரம் என்கிறார் என்று நினைக்க முந்தி, மணலில் சுழலுகிற சில்லைக் கண்டேன். ஆபத்தில் ஒருவன் தாங்கு தாங்கு என்றால் பார்த்துக்கொண்டு நிற்கலாமா? டின்னை வைத்துவிட்டு ஓடிப்போய்த் தோளைக் கொடுத்துத் தாங்கினேன். ஜீப் ஒரே பாய்ச்சலாய்ப் பாய்ந்தது. நான் குப்புறச் சேற்றுக்குள். துரை திரும்பிப் பார்த்துத் தலையில் கைவைத்து, "சொறி! சொறி!" என்று கத்தினார். எனக்கு அந்த நேரம் வெட்கமும் ஆத்திரமுமாய் வந்தது. சேற்றுக்குள் கிடந்துகொண்டே, "இல்லைத் துரை! எனக்குச் சொறியில்லை, பிழையாப் பூசின மருந்துதான் மணக்குது!" என்று கத்தினேன். ஜீப் போய்விட்டது. அந்த மனுசன் என்னைச் சொறிக்காரன் என்றே நினைத்துக்கொண்டு போயிருப்பார்.

இதையெல்லாம் பக்கீருக்குச் சொன்னேன். அவர் கடையில் சாமான் வாங்க நின்ற சனமும் கேட்டுச் சிரித்துவிட்டுப் போனது. நான் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்தேன். இந்த ஊரிலேயே இவ்வளவு நடந்தால், உங்கள் துரைக்கும் துரைசானிக்கும் முன்னால் என்ன நடக்கும்? நீங்கள் புனிதத்தைப் பெண் பார்க்க வந்த அன்று மாமி நண்டுக்கறி வைத்தா. உங்களுக்கு நண்டுக்காலை எந்தப் பக்கத்தால் கடிப்பதென்று தெரியவில்லை, சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு முழித்தீர்கள். எங்கள் சனம் சுற்றி இருந்து பார்த்தது. நான் அன்றைக்கு, எனக்கு நண்டு ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிக் கோப்பையை ஒதுக்கிவிட்டு, மருமகனாகப் போகிறவரும் நானும் மீனே சாப்பிடுகிறோம் என்றேன். நண்டென்றால் எனக்கு உயிர் என்று உங்களுக்கு இப்போது தெரியும். ஒரு மனுசன் தெரியாத சாப்பாட்டுக்கு முன்னால் தனியே இருக்கக் கூடாது, அவ்வளவுதான். இதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. அதே மாதிரி இப்போது என்னாலே நீங்கள் உங்கள் ஆட்களுக்கு முன்னால் முழிக்கக் கூடாது என்பதற்காகச் சொல்லுகிறேன்.

ஆகையால் நாங்கள் ஞானஸ்நானத்துக்கு வரவில்லை. இங்கிலீசு தெரிந்த யாராவது நல்ல மனுசர் கையில் பிள்ளையைக் கொடுத்துக் கோயிலுக்குக் கொண்டுபோங்கோ. தலை நிற்காத பிள்ளை, கழுத்துக்குக் கீழே கை கொடுக்கச் சொல்லுங்கோ. மாமி காயவைத்த இறால் கருவாட்டைப் பக்கீர் கடைக்குச் சாமான் கொண்டுவருகிற லொறியில் அனுப்புகிறோம். புனிதத்துக்குப் பிடிக்கும். வெக்கை தணிந்த பிறகு ஆறுதலாய் வருகிறோம்.

தேவமாதா உங்கள் வீட்டு வாசலில் காவல் நிற்பாவாக. புனிதத்துக்கு எங்கள் ஆசீர்வாதமும், பேரனுக்கு இரண்டு கன்னத்திலும் முத்தமும். துரைக்கும் துரைசானிக்கும் என் தாங்கியூவைச் சொல்லவும்.

இப்படிக்கு,
அன்புள்ள மாமன்
யாக்கோப்பு
(பெருவிரல் அடையாளம்)

பின்குறிப்பு: மேலே எழுதினதை எல்லாம் விடுங்கோ. பக்கீர் கடிதத்தை மாமிக்கு வாசித்துக் காட்டினார். அவா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒரு கேள்விதான் கேட்டா: "ஏனப்பா, அந்தப் பிள்ளைக்கு எத்தினை இங்கிலீசுச் சொல்லுத் தெரியும்?" அவனுக்கும் ஒன்றும் தெரியாதே! அவனைக் கூப்பிட்டுத்தானே இவ்வளவு விருந்தும். நாங்கள் வாற வெள்ளிக்கிழமை மாங்குளம் ஸ்டேசனில் கொழும்புக் கோச்சி ஏறுகிறோம். முழுக் கடிதத்தையும் திருப்பி எழுதக் கை உளைகிறதாம் பக்கீருக்கு, அதனால் இதைக் கீழே போட்டிருக்கிறார். கருவாடு லொறியில் வராது. மாமி அதை அந்த அரண்மனைப் படம் போட்ட டின்னில் அடைத்துவிட்டா, துரை கண்டால் பிஸ்கட்டென்று நினைக்கட்டும். நீங்கள் எங்களைப் பற்றி யோசிக்க வேண்டாம். துரைமார் கதைக்கிற நேரம் நானும் பேரனும் ஒரு மூலையில் இருந்து, ஒன்றும் விளங்காமல் எல்லாரையும் பார்த்துக்கொண்டிருப்போம். ஒன்றுக்கு மட்டும் நான் இங்கே இருந்தே கையைப் பழக்கிக்கொண்டு வருகிறேன், பக்கீர் முன்னுக்கு நின்று சொல்லச் சொல்ல அவருடைய கடைப் பூசணிக்காயைத் தூக்கி வைத்துக்கொண்டு பழகுகிறேன்: துரை என் மூஞ்சையைப் பார்த்து எத்தனை தரம் "வை? வை?" என்று கேட்டாலும், பிள்ளையை மட்டும் கீழே வைக்கமாட்டேன்.