ரன்னிங் இருந்த விரதம்

ரயில் செங்கல்பட்டுக்கு வந்து சேருவதற்கு முன்னாலேயே செங்கல்பட்டுக்கு வந்து சேர்ந்துவிடுகிற ஒரே பயணி இந்த உலகத்தில் எங்கள் ரன்னிங்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். தாம்பரம் லோக்கலில் சீசன் டிக்கெட் வைத்திருந்த எங்கள் யாருக்கும் அது தெரியாது. கேட்கலாம் என்று வாயெடுப்பதற்குள் ஆள் இறங்கிப் போயிருப்பார்.

ஓடுகிற வண்டியிலிருந்து இறங்குவது தப்பு. பெரிய தப்பு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைத் திட்டாதீர்கள். ஆனால் அவர் இறங்குவதைப் பார்க்க வேண்டுமே! பிளாட்பாரத்தின் நுனி கண்ணில் பட்டதும் ஒரு கால் வெளியே போகும். ஊர்ப் பெயர்ப் பலகை வருவதற்குள் ஆளே வெளியே போயிருப்பார். நாங்கள் முண்டியடித்து இறங்கும்போது அவர் வண்டி ஸ்டாண்டில் பைக்கை உதைத்துக்கொண்டிருப்பார்.

தொழில், லிஃப்ட் மெக்கானிக். ஆனால் லிஃப்டில் ஏறமாட்டார். "அது எப்ப மூடி எப்ப தொறக்குறது அண்ணாத்த? பேஜாரு!" என்பார். ரிப்பேர் முடிந்ததும் வீட்டுக்காரரை உள்ளே அனுப்பிப் பொத்தானை அழுத்தச் சொல்லிவிட்டு, படியில் ஓடி ஐந்தாவது மாடியில் நின்று அவரை வரவேற்பார்.

இப்படிப்பட்ட மனிதர், மூன்று வருஷத்துக்கு முந்தைய ஐப்பசி மழையில் வழுக்கினார். வண்டிக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவே போயிருக்க வேண்டியவர். பூக்கூடையோடு நின்றிருந்த ஓர் அம்மாள் காலரைப் பிடித்து இழுத்தார். சட்டை போனது, ஆள் மிஞ்சினார். நான்தான் என் துண்டைப் போர்த்தி அவரை வீட்டில் கொண்டுபோய் விட்டேன்.

அவர் மனைவி சரசு மாமல்லபுரத்துக்குப் பக்கத்துக் குப்பத்தில் பிறந்தவர். அழவில்லை. கத்தவும் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"ஐப்பசி, கார்த்திகை வந்தா எங்க குப்பத்துல படகை மேல ஏத்திட்டு குந்திகினு இருப்பாங்க. கடலுக்கே பயப்படாத எங்க நைனா, அந்த ரெண்டு மாசம் வலையப் பிரிச்சிப் போட்டு ஒவ்வொரு கண்ணா பாத்துகினு கெடப்பாரு. ஒனக்கு மட்டும் இன்னா அவசரம்?"

சரசு ரன்னிங்கின் கையை இழுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டார்.

"தீபம் வரிக்கும் பொட்டில கடைசி ஆளா நீதான் எறங்கணும். சத்தியம் பண்ணு. இன்னொரு தபா குதிச்சேன்னு கேள்விப்பட்டேன், தூக்கியார வேற ஆளப் பாத்துக்க. நான் ஸ்டேஷன் பக்கமே வரமாட்டேன்."

அப்புறம் என் பக்கம் திரும்பி, "அண்ணா, நீங்கதான் சாட்சி. தெனம் போன் பண்ணுவேன்" என்றார். டீ குடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று உட்கார்ந்திருந்தவன், உளவாளியாக வெளியே வந்தேன்.

சாப்பாட்டை விட்டு விரதம் இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவசரத்தை விட்டு விரதம் இருந்தவரை அந்த ஐப்பசியில்தான் பார்த்தேன். சும்மா இருக்கவா செய்தார்? மெதுவாக இறங்குவதையும் சீக்கிரம் முடித்துவிடப் பார்த்தார். முந்தின ஸ்டேஷனான பரனூர் தாண்டியதும் எழுந்துகொள்வார். மேலே இருக்கும் பைகளை எடுத்து அவரவர் மடியில் வைப்பார். தூங்குகிறவர்களைத் தட்டுவார். பெற்ற தாய் பக்கத்தில் இருக்கும்போதே குழந்தைக்குச் செருப்பு மாட்டிவிடுவார். "எறங்குங்கோ, எறங்குங்கோ! வூட்ல தேட மாட்டாங்களா?" ஒரே வாரத்தில் அவரை ரயில்வே ஆள் என்று நினைத்து ஓர் அம்மாள் ஃபேன் ஓடவில்லை என்று புகார் கொடுத்தார். மறுநாள் ஸ்க்ரூ டிரைவர் கொண்டுவந்து அதைப் பிரிக்கப் போனவரை நாலு பேர் பிடித்து உட்காரவைத்தோம்.

ஒருநாள் எல்லாரும் இறங்கியும் ஜன்னலோரம் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். ரன்னிங் உலுக்கினார். அவர் அசையவில்லை. அந்த மனிதர் தாம்பரம் போகிறவர். திரும்புகிற வண்டியில் ஜன்னல் சீட் கிடைக்க வேண்டும் என்பதற்காக, சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து எதிர்த் திசையில் செங்கல்பட்டு வரைக்கும் வந்து, அப்படியே உட்கார்ந்து திரும்பிப் போகிற தினசரிக் கேடி. அவர் எப்படி இறங்குவார்? அவர் இறங்காமல் இவர் எப்படி இறங்குவார்? விவாதம் முடிவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

பரனூரிலிருந்து எனக்குப் போன் வந்தது. "அண்ணாத்த, நான் திரும்பிப் போய்கினு கீறேன்!"

அன்று ராத்திரி சரசு கேட்டபோது, "கடைசியாத்தாம்மா இறங்கினார். ரொம்பக் கடைசியா" என்றேன்.

பதினாலு வருஷம் அந்த வழியில் போய்வந்தவர், உட்கார்ந்து வர ஆரம்பித்த பிறகுதான் கொளவாய் ஏரியைப் பார்த்தார். "இங்க இம்மாம் பெரிய ஏரி கீதா? எப்ப வந்துச்சி?" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். அது சோழர் காலமோ யார் காலமோ, எனக்கு என்ன தெரியும்! அன்றிலிருந்து தினமும் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பெட்டிக்கே அறிவிப்பு வரும். அதிலும் குறைதான். "ரொம்ப ஸ்லோவா ரொம்புது அண்ணாத்த. பேயறது பேயுது, கொஞ்சம் வெரசா பேஞ்சா இன்னா?"

தீபத்துக்கு மூன்று நாள் இருந்தது. சாயங்கால வண்டி மறைமலை நகரைத் தாண்டும்போது அவருடைய போன் அடித்தது. கைக்குழந்தையோடு நின்ற ஒருத்திக்கு இடம் கொடுத்துக்கொண்டிருந்தவர், ஸ்பீக்கரில் போட்டார். சரசுவின் குரல் பெட்டி முழுக்கக் கேட்டது.

"மாடிப்படில வழுக்கிட்டேன்யா. காலு ஒடஞ்சிப்போச்சி. பக்கத்து வூட்டுக்காரங்க ஆஸ்பத்திரிக்கு இட்டாந்துட்டாங்க. நீ ஓடியாந்துடாத. கடைசியா எறங்கி வா."

ஏரியைத் தாண்டி, செங்கல்பட்டுக்கு வெளியே வண்டி சிக்னலுக்கு நின்றது. வழக்கம்போலச் சிலர் ஜல்லியில் குதித்து நடக்க ஆரம்பித்தார்கள். அங்கிருந்து ஆஸ்பத்திரி குறுக்கு வழியில் பத்து நிமிஷம். ரன்னிங் வாசலுக்குப் போய்க் கம்பியைப் பிடித்தார். வெளியே போன ஒரு காலை மறுபடி உள்ளே இழுத்துக்கொண்டார்.

நான் கிட்டே போனேன். "போங்க. நான் சொல்லமாட்டேன்."

"நீ சொல்லமாட்ட. அவ என்னக் கேப்பா. நான் இன்னா சொல்றது?"

திரும்பி வந்து பலகையில் உட்கார்ந்துவிட்டார். ஆறு நிமிஷம் நின்றோம். என் கல்யாணமே அதைவிடச் சீக்கிரம் முடிந்தது போலிருந்தது.

வண்டி நகர்ந்ததும் யாரோ, "ரன்னிங்குக்கு வழி வுடுங்கப்பா" என்றார்.

"வழி வுட்டு இன்னாத்துக்கு? நாம எறங்குனாத்தானே அவரு எறங்குவாரு?" என்றாள் அந்தக் கைக்குழந்தைக்காரி.

அவ்வளவுதான். பொத்தேரியில் ஏறிய கல்லூரிப் பையன்கள் வாசலுக்குப் போனார்கள். வண்டி நின்றதும் முதலில் இறங்கி, ஏறத் துடித்த கூட்டத்துக்கு முன்னால் கைகோத்து நின்றார்கள். "ஒரு நிமிஷம் யாரும் ஏறாதீங்க! ப்ளீஸ்!" பைகள் கைமாறின, குழந்தை கைமாறியது, கைத்தடி வைத்திருந்த பெரியவரை இரண்டு பேர் அலுங்காமல் தூக்கி இறக்கினார்கள். ஜன்னல் சீட் கேடி ஒரு கணம் தன் இடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு அவரும் இறங்கினார். அதற்குப் பிறகு நான். திரும்பிப் பார்த்தால், ஈரத் தரையோடு காலிப் பெட்டி. அதில் ரன்னிங் மட்டும்.

ஒரு காலை வைத்தார். மறு காலையும் வைத்தார். அப்புறம் ஓடினாரே ஓர் ஓட்டம்!

நான் மூச்சு வாங்க ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் கட்டிலோரம் நின்றிருந்தார். சரசு என்னைத்தான் பார்த்தார்.

"அண்ணா, கடைசியாவா எறங்குனாரு?"

"ஆமாம்மா. அவருக்கு அப்புறம் ஈ காக்காகூட இறங்கல."

அதுவரைக்கும் அழாத சரசு அப்போதுதான் அழுதார். வலியோடு கொஞ்சம் நகர்ந்து, "குந்து" என்று கட்டிலைத் தட்டினார்.

ரன்னிங் உட்கார்ந்தார். நர்ஸ் வந்தார், எக்ஸ்ரே வந்தது, வெளியே மழை வந்தது. சரசு தூங்கும்வரை அவர் அந்த இடத்தை விட்டு அசையவே இல்லை. எனக்கு வீட்டுக்கு நேரமாகிவிட்டது என்று தெரிந்தும், அந்த மனிதரைப் பார்த்துக்கொண்டு நானும் ரொம்ப நேரம் அங்கேயே நின்றேன்.