தொண்ணூறு நிமிட மைதானம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. உங்கள் அத்தையும் நானும் உடல்நலத்துடன் இருக்கிறோம். மனநலம் பற்றிப் போகப்போகத் தெரியவரும்.

நமது கால்பந்துக் கழகத்தின் வரலாற்றில் இடம்பெறத்தக்க தீர்மானம் ஒன்று நேற்று ஏழுக்கு இரண்டு என்ற வாக்குகளில் நிறைவேறியது. இனி இடைவேளையில் வீரர்கள் உட்காரக் கூடாது. நின்றபடியேதான் தண்ணீர் குடிக்க வேண்டும். எதிர்த்த இருவருக்கும் முழங்கால் வலி. செயலாளர் என்ற முறையில் தீர்மானத்தை எழுதியவன் நான். இதனால் நான்கு நிமிடம் மிச்சமாகும். நமக்குத் தேவை பதினைந்து.

கழகம் சொந்தக் காலில் நிற்க வேண்டுமானால் பயன்படுத்தாததை விற்றுவிட வேண்டும் என்று ஆடிட்டரான நீங்கள் போனில் சொன்னது நினைவிருக்கும். "வாரத்துக்கு எவ்வளவு நேரம் மாமா அந்த கிரவுண்டுல ஆடுறீங்க?" என்று கேட்டீர்கள். தொண்ணூறு நிமிடம் என்றேன். "அப்ப மிச்ச நேரத்துக்கெல்லாம் எதுக்கு நீங்க ஓனரா இருக்கணும்?" என்றீர்கள். யோசித்துப் பார்த்தேன், காரணம் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆகவே மைதானத்தைக் கார் ஓட்டப் பழக்கும் பள்ளி நடத்துகிற அம்மாவுக்கு விற்றோம். மைதானத்தின் பெயரை மெத்தைக் கடைக்காரர் வாங்கிக்கொண்டார். சனிக்கிழமை மூன்று மணி முதல் தொண்ணூறு நிமிடம் மட்டும் நமக்கு என்று ஒப்பந்தமாயிற்று. அதை எழுதியதும் நான்தான். முப்பத்திரண்டு ஆண்டுகள் எடையளவு ஆய்வாளராக இருந்தவன். கூடவும் விட்டதில்லை, குறையவும் விட்டதில்லை.

ஒப்பந்தத்துக்குப் பிறகு வந்த முதல் சனிக்கிழமையே இந்த ஆண்டின் கடைசி ஆட்டம், தோற்காமல் இருந்தால் இதே பிரிவில் நீடிப்போம், தோற்றால் கீழ்ப்பிரிவுக்குப் போவோம், நாம் ஒரு கோல் முன்னால் இருக்கிறோம், நடுவரின் கணக்கில் எழுபத்தைந்தாவது நிமிடம், அணியில் இருக்கும் நம் பிளம்பர் பந்தை உருட்டிக்கொண்டு கோலை நோக்கி ஓடுகிறார், மணி சரியாக நாலரை ஆகிறது, கேட்டைத் திறந்துகொண்டு மூன்று கார்கள் முதல் கியரில் உள்ளே வருகின்றன.

நம் பயிற்சியாளர் கத்திக்கொண்டு ஓடினார். அந்த அம்மா கையில் ஒப்பந்தத்தோடு நின்றார்.

"கத்தாதீங்க சார். பயந்துபோய் பிரேக்குக்குப் பதிலா வேற எதையாவது மிதிச்சிடப் போறாங்க."

"இன்னும் பதினஞ்சு நிமிஷ ஆட்டம் பாக்கி இருக்கும்மா!"

"தொண்ணூறு நிமிஷம் ஆயிடுச்சே. நடுவுல பதினஞ்சு நிமிஷம் என்ன பண்ணீங்க?"

"தண்ணி குடிச்சோம்."

"அதுக்கு நானா பொறுப்பு?"

நடுவர் ஆட்டத்தைக் கைவிட்டார். மூன்றாவது கார் கோல் கம்பத்தைச் சுற்றி ரிவர்ஸ் எடுக்கப் பழகிக்கொண்டிருந்தது. கோல்கீப்பர் என்னிடம் வந்து, "சார், கிரவுண்டு அந்தம்மாவோடது, பேரு மெத்தைக்காரரோடது. அப்ப நம்மளோடது எது?" என்று கேட்டார். ஆட்டம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதுவும் பாதியில் நின்றிருந்ததால் வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

வீட்டில் உங்கள் அத்தை, "சீரியல் பாக்கற எனக்கே இடைவேளைன்னு ஒண்ணு உண்டுன்னு தெரியும். நாப்பது வருஷமா மேட்ச் பாக்கற மனுஷன் நீங்க!" என்கிறாள். மாப்பிள்ளை, எனக்கு விளங்காதது இதுதான். கால்பந்து ஆட்டம் எவ்வளவு நேரம் என்று விதிப்புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன். தொண்ணூறு நிமிடம் என்றுதான் போட்டிருக்கிறது. பிழை எங்கே நுழைந்தது?

லீக் அலுவலகத்தில் வெள்ளிக்கிழமை வரை அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். இடைவேளையும் அடங்கும்படி திருத்திய ஒப்பந்தத்தைக் காட்டினால் மறுஆட்டம். இல்லையென்றால் தோற்றதாகவே கணக்கு. கீழ்ப்பிரிவுக்குப் போனால் பயிற்சியாளர் விலகிவிடுவார், பிளம்பரை வேறு அணி கொத்திக்கொண்டு போய்விடும். நீங்கள் அந்த அம்மாவுக்குப் படித்தவர் தோரணையில் ஒரு கடிதம் போட்டுப் பதினைந்து நிமிடத்தை எப்படியாவது வாங்கித் தர வேண்டும். நான் கேட்டால் ஒப்பந்தத்தில் என் கையெழுத்தைத் தொட்டுக் காட்டுகிறார்.

மகளுக்கும் உங்களுக்கும் எல்லா நலனும் பெருகட்டும்.

இப்படிக்கு,
மாமா

பி.கு.: நல்ல தாளில் படியெடுத்து முடிப்பதற்குள் வெள்ளிக்கிழமை போய்விட்டது. நம்மைக் கீழ்ப்பிரிவில் சேர்த்துவிட்டார்கள். அங்கே ஒரு பாதிக்கு முப்பத்தைந்து நிமிடம், இடைவேளை பத்து, ஆக மொத்தம் எண்பது. அந்த அம்மாவுக்கு எழுத வேண்டாம். மீதிப் பத்து நிமிடத்தை அவருக்கே வாடகைக்கு விட்டிருக்கிறோம்.