பதினேழு அடி தொலைவில் இல்லாத கடை

உரிமம் வழங்கும் அலுவலகத்தின் வாசலிலிருந்து எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடைக்குச் சரியாகப் பதினேழு அடி. இது கடைக்காரர் அளந்தது அல்ல. பத்தொன்பது வருடங்களுக்கு முன்பு அலுவலகமே நாடா பிடித்து அளந்து, போக்குவரத்துக்கு இடையூறு இல்லை என்று எழுதிக் கொடுத்த அளவு. அங்கே எந்த மனுவையும் மூன்று பிரதியாகத்தான் வாங்குவார்கள். ஒன்று கோப்புக்கு, ஒன்று மேலிடத்துக்கு, ஒன்று தொலைந்து போவதற்கு. அந்த மூன்றாவது பிரதியை நம்பி ஒரு குடும்பம் நடந்துகொண்டிருந்தது.

இந்நிலையில், பொதுமக்களின் நலனையும் காலத்தின் வேகத்தையும் கருத்தில்கொண்டு ஒரு சுற்றறிக்கை வந்தது. இனி ஒரு கடையின் தொழிலைப் போனில் தேடும்போது முதல் மூன்று இடங்களுக்குள் வந்தால் மட்டுமே அந்தக் கடை இருப்பதாகக் கருதப்படும். உரிமத்தைப் புதுப்பிக்க, கடை தேடலில் தெரிகிறது என்று காட்டும் 'தேடல் தெரிவுச் சான்றிதழ்' கட்டாயம்.

ஜெராக்ஸ் கடையின் உரிமம் முடிய முப்பது நாள் இருந்தது. கடைக்காரர் சாலையைக் கடந்து போய் அதிகாரி முன் நின்றார். அதிகாரிக்கு அவரை நன்றாகத் தெரியும். அன்று காலையில்கூடத் தன் வீட்டுப் பத்திரத்தை அங்கேதான் நகலெடுத்திருந்தார். இருந்தாலும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, போனை எடுத்து, முறைப்படி தேடினார்.

"முதல்ல பஸ் நிலையத்துக் கடை. நாலு கிலோமீட்டர். ரெண்டாவது ஆஸ்பத்திரி வாசல்ல ஒண்ணு. மூணாவது..." விரலால் தள்ளிப் பார்த்தார். "மூணாவது ஒரு பேக்கரி. உங்களைக் காணோமே."

"சார், ஜன்னல் வழியா பாருங்க. என் பொண்டாட்டி கையாட்டுறா."

அதிகாரி பார்த்தார். மரியாதைக்குத் தானும் கையாட்டினார். "தெரியுறாங்க. ஆனா ஜன்னல்ல பாத்ததை நான் எந்தக் கட்டத்துல எழுதறது?"

"பத்தொன்பது வருஷமா இருக்கேனே சார்."

"இருக்கறது உங்க சொந்த விஷயம். தேடினா கிடைக்கணும். சான்றிதழுக்கு மனு எழுதி மூணு காப்பி குடுங்க."

"இதோ, ஒரு நிமிஷத்துல எடுத்துட்டு வரேன்."

"உங்க கடையில எடுத்தா செல்லாது. இல்லாத கடையில எடுத்த காப்பியை நான் எப்படி வாங்குவேன்?"

ஆகவே, இரண்டு ஜெராக்ஸ் இயந்திரங்களின் உரிமையாளர் பஸ் ஏறி நாலு கிலோமீட்டர் போய் மூன்று பிரதி எடுத்துவந்தார். மூன்றிலும் ஓரத்தில் கறுப்புக் கோடு விழுந்திருந்தது. அவருக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் வலித்தது.

"காப்பி எடுக்க பஸ்ஸுல போன முதல் ஜெராக்ஸ் கடைக்காரர் நீங்கதான்" என்றாள் மனைவி. "அதுலயாவது முதலிடம் வந்தீங்களே."

மனைவியின் தம்பி ஒருவன் இருந்தான். இரண்டு நாள் பயிற்சி முடித்து 'தெரிவு ஆலோசகர்' என்று அட்டை அடித்து வைத்திருந்தான். முதல் வாடிக்கையாளர் கிடைத்த மகிழ்ச்சியில் ஓடிவந்தான்.

"மாமா, கடையைத் திறந்து வைக்கறதெல்லாம் பழைய காலம். திறந்திருக்குன்னு போட்டு வைக்கணும்."

போட்டு வைத்தான். நேரம், தொலைபேசி எண், இயந்திரத்தை எல்லாப் பக்கமும் வளைத்து எடுத்த பதினோரு படங்கள். வந்தவர்களையெல்லாம் மதிப்புரை எழுதச் சொன்னான். அவர்கள் 'ஒரிஜினல் மாதிரியே இருந்தது' என்று எழுதினார்கள். கடை நாற்பத்தொன்றாம் இடத்திலிருந்து ஒன்பதாம் இடத்துக்கு வந்தது. பேக்கரி இன்னும் மூன்றில்தான் இருந்தது. பன்னிரண்டு நாள் பாக்கி.

"மாமா, இங்க நின்னு தேடறவன் என்ன தேடறான்? ஜெராக்ஸா? இல்ல. உரிமம், மனு, சான்றிதழ். அப்ப அதெல்லாம் நம்ம கடைப் பேர்ல இருக்கணும்."

அன்று மாலைக்குள் கடையின் பெயர் 'உரிமம் மனு சான்றிதழ் அலுவலகம் அருகில் ஜெராக்ஸ்' ஆகிவிட்டது.

"பொறந்தப்பவே உனக்கும் இப்படி ஒரு பேர் வெச்சிருந்தா இந்நேரம் வேலை கிடைச்சிருக்கும்டா" என்றாள் அக்கா.

மறுநாளிலிருந்து அலுவலகத்தைத் தேடியவர்களைப் போன் கடைக்குக் கூட்டிவந்து, 'வந்து சேர்ந்துவிட்டீர்கள்' என்றது. பத்தொன்பது வருடமாக எல்லாப் படிவங்களையும் நகலெடுத்தவள் மனைவி. எந்தக் கட்டத்தில் எதை எழுத வேண்டும் என்பது அவளுக்கு அத்துப்படி. "அப்பா பேர் இங்க. கையெழுத்து கீழ. இந்தக் காகிதம் தேவையே இல்ல, வீட்டுல வெச்சுக்குங்க." ஆளுக்கு நாலு நிமிடம். நட்சத்திரங்கள் கொட்டின.

அதே நாட்களில், மதியம் ஒன்றரை மணிக்கு அலுவலக வாசலில் நின்றவர்களிடம் போன் ஒரு கேள்வி கேட்டது: இந்த இடம் திறந்திருக்கிறதா? அவர்கள் சாத்தியிருந்த கதவைப் பார்த்தார்கள். உண்மையைச் சொன்னார்கள். இரண்டரைக்கும் கேட்டது. அப்போதும் உண்மையைத்தான் சொன்னார்கள்.

முப்பதாம் நாள் மாலை நாலு மணிக்கு அதிகாரி தேடிப் பார்த்தார். "ஒண்ணாம் இடம். வாழ்த்துகள். இப்பதான் நீங்க இருக்கீங்க." சான்றிதழ் வழங்கும் பொத்தானை அழுத்தினார். கணினி மறுத்தது. 'தங்கள் அலுவலகம் நிரந்தரமாக மூடப்பட்டுள்ளது.'

அதிகாரி மேலிடத்தைக் கூப்பிட்டார்.

"ஆமாம், நாங்களும் பாத்தோம்" என்றது மேலிடம். "மூடியிருக்கீங்க."

"ஐயா, நான் நாற்காலியில உக்காந்துதான் பேசறேன்."

"அது உங்க தனிப்பட்ட கருத்து. சுற்றறிக்கை தெளிவா இருக்கே."

"இவருக்கு இன்னைக்கு அஞ்சு மணியோட உரிமம் முடியுது ஐயா."

"அப்ப நாங்க வேகமா முடிவெடுக்கணும்" என்று சொல்லி, யாரும் கேள்விப்பட்டிராத வேகத்தில், நாற்பதே நிமிடத்தில் மேலிடம் ஆணை அனுப்பியது. அலுவலகத்தைத் தேடும் பொதுமக்களுக்கு முதலிடத்தில் எது வருகிறதோ அதுவே அலுவலகம். உடனே அங்கே இடம் மாறவும்.

இரண்டு பியூன்கள் மேசையைத் தூக்கிக்கொண்டு பதினேழு அடி நடந்தார்கள். அதிகாரி இரண்டு இயந்திரங்களுக்கும் நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். மணி ஐந்துக்கு ஐந்து நிமிடம். கடைக்காரர் மனுவை நீட்டினார்.

அதிகாரி வாங்கிப் படித்தார். சுற்றிலும் பார்த்தார். முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது.

"ஒரு சின்னச் சிக்கல். அலுவலக வளாகத்துக்குள்ள தனியார் தொழில் நடத்த அனுமதி கிடையாது."

"இது என் கடை சார்."

"பத்து நிமிஷம் முந்தி வரைக்கும்."

"தேடினா ஒண்ணாவதா வருதே."

"வருது. அலுவலகமா வருது."

கடைக்காரர் மச்சானைப் பார்த்தார். மச்சான் போனைப் பார்த்தான். "ஆனா ஒண்ணாம் நம்பர் மாமா" என்று மெதுவாகச் சொன்னான்.

இயந்திரங்களைத் துணி போட்டு மூடினார்கள். மனைவி அதே இடத்தில் உட்கார்ந்து அதே கட்டங்களைக் காட்டிக்கொண்டிருக்கிறாள். இப்போது அவள் தற்காலிகத் தகவல் உதவியாளர். சம்பளம் பரிசீலனையில் இருக்கிறது. கடைக்காரர் வருகிறவர்களுக்குப் பஸ் நிலையக் கடைக்கு வழி சொல்கிறார். கறுப்புக் கோடு விழும் என்றும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்.

போன வாரம் ஒரு மதிப்புரை வந்தது. பத்தொன்பது வருடமாக அங்கேயே நகலெடுத்தவர் எழுதியது. நம்மில் யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம்.

'சேவை அருமை. அந்த அம்மா தங்கமானவர். எதிரில் ஒரு ஜெராக்ஸ் கடை மட்டும் இருந்தால் மிகவும் வசதியாக இருக்கும். நான்கு நட்சத்திரம்.'