மாமா வீட்டு வாசலில் கழலாத பூட்ஸ்

ஒரு மனிதன் தன் காலிலிருந்து பூட்ஸைக் கழற்ற எவ்வளவு நேரம் ஆகும்? எனக்கு மூன்று நாள் ஆனது. அதுவும் நான் கழற்றவில்லை. இந்தக் கதையை நானே எழுதிவைத்துவிடுவது நல்லது. வீட்டில் மற்றவர்கள் சொல்லும்போது நான் வழிநெடுக அழுதுகொண்டே போனதாகச் சேர்த்துவிடுகிறார்கள். பொய். நான் அழுதது ஒரே ஓர் இடத்தில்தான்.

அப்போது யுத்த காலம். தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் நான் குமாஸ்தா. காலையிலிருந்து சாயங்காலம்வரை நாற்காலியில் உட்கார்ந்து இங்கிலீஷ் கடிதங்களுக்கு நகல் எடுப்பேன். வயது இருபத்து மூன்று. மீசை வந்திருந்தது, புத்தி பிறகுதான் வந்தது.

பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நானும் போய் வரிசையில் நின்றேன். பல்லைப் பார்த்தார்கள், நெஞ்சை அளந்தார்கள், எல்லாம் சரி. கடைசியில் டாக்டர் என் காலில் தண்ணீர் ஊற்றி சிமெண்டுத் தரையில் நிற்கச் சொன்னார். நகர்ந்ததும் குனிந்து பார்த்தார். மற்றவர்கள் தடத்தில் நடுவே ஒரு வளைவு இருந்தது. என் தடம் முழுத் தோசையாக இருந்தது. "தட்டைப் பாதம். நடக்க லாயக்கில்லை. அடுத்த ஆள்" என்றார்.

அதோடு போயிருந்தால் நானும் மறந்திருப்பேன். ஆனால் அந்தச் செய்தி உடன்குடிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. உடன்குடியில்தான் என் தாய்மாமா கருப்பட்டி வியாபாரம் பண்ணிக்கொண்டிருந்தார். அவர் மகள் தங்கக்கனி எனக்குத்தான் என்று இரண்டு குடும்பத்திலும் பேச்சு. (பெரியவர்கள் அப்புறம்தான் பேசினார்கள். நான் எட்டு வயதிலேயே முடிவு பண்ணிவிட்டேன்.) மாமா என் அப்பாவுக்குக் கடிதம் போட்டார்: "இது தேரிக்காடு, கால் புதையும் மணல். இங்கே காலைக்கொண்டுதான் பிழைப்பு. சர்க்காரே கழித்துவிட்ட காலை நம்பிப் பெண்ணைக் கொடுக்க எனக்கு மனசில்லை. ஆவணிக்குள் வேறு இடம் பார்க்கிறேன்."

எனக்குக் கோபம் வந்தால் கை சும்மா இருக்காது. உடனே ஒரு கார்டு எடுத்து எழுதினேன்: "நான் தூத்துக்குடியிலிருந்து கன்னியாகுமரிவரை நடந்தே போகிறேன். வழியில், மூன்றாம் நாள் மத்தியானம் தங்கள் வீட்டு வாசலில் நிற்பேன். பட்டாளத்து பூட்ஸ் போட்டுக்கொண்டு வருவேன்."

கார்டைப் பெட்டியில் போட்ட பிறகுதான் எனக்கு பூட்ஸே கிடையாது என்பது ஞாபகம் வந்தது.

துணைக்கு சூசை வந்தான். ஆபீசில் பக்கத்து நாற்காலிக்காரன், சொந்த ஊர் பெரியதாழை. ஊருக்குப் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு அப்படியே கன்னியாகுமரிவரை வருகிறேன் என்றான். பிறந்ததிலிருந்து காலில் எதையும் மாட்டாதவன். ஆனால் எந்த விஷயத்திலும் அவனிடம் ஒரு யோசனை இருக்கும். அதுதான் அவனோடு உள்ள கஷ்டம்.

லீவில் வந்திருந்த ஒரு சிப்பாயிடம் பழைய பூட்ஸ் ஒரு ஜோடி கிடைத்தது. பலகைபோல விறைத்திருந்தது. "தண்ணீல நனைச்சு, காலோட காயவிட்டு நட. பூட்ஸ் உன் காலு மாதிரியே ஆயிரும்" என்று அவர் சொல்லிக் கொடுத்தார். நல்ல யோசனை. அதை அவர் சொன்னபடியே செய்திருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இருந்திருக்காது.

முதல் நாள் விடியற்காலையில் கிளம்பினோம். முள்ளக்காடு தாண்டுவதற்குள் இரண்டு குதிகாலும் உரிந்துவிட்டது. இரண்டு பக்கமும் உப்பளம், பாத்தி பாத்தியாகத் தண்ணீர். நனைத்துவிடலாம் என்று ஒரு கிணற்றடிக்குத் திரும்பினேன். சூசை கையைப் பிடித்து இழுத்தான்.

"ஏலே ராசமணி, நல்ல தண்ணீல நனைக்காதலே. தோல் அழுவிப் போவும்."

"பின்னே?"

"எங்க ஊர்ல எது அழுவாம இருக்கணும்னாலும் உப்புதான். வலையா இருக்கட்டும், மீனா இருக்கட்டும். பூட்ஸும் தோல்தானே மக்கா? இந்தா இருக்கு பாத்தி, இறங்கு."

கேட்கும்போது எவ்வளவு நியாயமாக இருந்தது தெரியுமா! நான் பூட்ஸ் காலோடு உப்புப் பாத்தியில் இறங்கி அரை மணி நேரம் நின்றேன். உரிந்த குதிகாலில் அந்தத் தண்ணீர் பட்டதும் எனக்குச் செத்துப்போன சொந்தக்காரர்கள் எல்லோரும் வரிசையாகத் தெரிந்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தார்கள்.

"ஏளா, இங்கன வந்து பாரு! காலை ஊறுகா போடுதாவ!"

"எத்தனை நாளைக்கு அண்ணாச்சி ஊறணும்?"

நான் கௌரவமாகக் கரையேறி நடந்தேன். மேலே வெயில் சுள்ளென்று அடித்தது. பழையகாயல் போய்ச் சேர்வதற்குள் பூட்ஸ் வெள்ளை பூத்துவிட்டது. தோல் சுருங்கி, கயிற்று முடிச்சுக்குள் உப்பு இறங்கிக் கல்லாக நின்றது. ராத்தங்கலுக்குக் கழற்றலாம் என்று உட்கார்ந்தேன். நகத்தால் பிராண்டினேன், பல்லால் கடித்தேன். (உப்புக் கரித்தது, வேறு பலனில்லை.) சூசை பூட்ஸைப் பிடித்து இழுத்தான். பூட்ஸ் வரவில்லை, நான் முழுசாக வந்தேன்.

"கருவாடு ஆயிட்டுலே" என்றான் சூசை. முகத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது, பாவி!

"அறுத்துருவமா?" என்று இடுப்பிலிருந்த பேனாக்கத்தியை எடுத்தான்.

"தொட்டே, கொன்னுருவேன். பூட்ஸோட வாரேன்னு எழுதியிருக்கேன். பூட்ஸோடதான் போவேன்."

அன்றைக்கு பூட்ஸ் காலோடுதான் தூங்கினேன்.

இரண்டாம் நாள் ஆற்றைக் கடக்கும்போது பூட்ஸை நல்ல தண்ணீரில் ஊற வைத்துப் பார்த்தோம். காலும் சேர்ந்து ஊறி வீங்கியது. வெயில் ஏறியதும் பூட்ஸ் இன்னொரு சுற்று இறுகியது. வழியில், யுத்தப் பெட்ரோல் பஞ்சத்தால் கரிப்புகையில் ஓடும் பஸ் ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. டிரைவர் என் நடையைப் பார்த்துவிட்டு, "ஏறுங்க தம்பி, காசு வேண்டாம்" என்றார். சூசை ஒரு காலை மேலே வைத்தேவிட்டான். நான் அவன் சட்டையைப் பிடித்து இறக்கினேன். என் கால் இரண்டும் ஏறு ஏறு என்று கெஞ்சியது எனக்கு மட்டும்தான் தெரியும். அரை மைல் போனதும் அதே பஸ்ஸை நாங்கள் முந்தினோம். அது நின்றுபோய், ஜனங்கள் இறங்கித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பயணத்தில் நான் சந்தோஷப்பட்ட ஒரே நிமிஷம் அதுதான்.

மத்தியானம் காயல்பட்டினம். கொழும்புக்குச் சரக்கு அனுப்புகிற மீரான் காக்காவை (அந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள்) ஆபீசில் எங்களுக்குப் பழக்கம். அவர் வீட்டில் அன்றைக்குக் கல்யாண விருந்து. சந்தில் எங்களைப் பார்த்ததும் ஓடி வந்தார்.

"அல்லாவே! தூத்துக்குடியிலேர்ந்து நடந்தா வாரீங்க? வாங்க வாங்க, சாப்பிட்டுட்டுத்தான் போவணும்."

உள்ளே விரித்த பாயில் ஒரே பெரிய தாலத் தட்டைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நெய்ச்சோற்று வாசனையும் கறி வாசனையும் சந்துவரை வந்து என்னைக் காலரைப் பிடித்து இழுத்தன. வாசற்படியில் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. நான் என் காலைப் பார்த்தேன். பூட்ஸோடு எப்படிப் பாயை மிதிப்பது? கழலவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த வீட்டில் பத்துப் பேர் ஓடி வந்து உதவியிருப்பார்கள். ஆனால் உடன்குடிக்கும் காயலுக்கும் நடுவே தினமும் வண்டி போகிறதே! கதை எனக்கு முன்னால் போய்விட்டால்?

"வயிறு சரியில்லை காக்கா" என்றேன்.

"அடடா!" என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார். சூசையை மட்டும் உள்ளே கூட்டிக்கொண்டு போனார். எனக்கு வாசலில் ஒரு பெஞ்சு போட்டு, சுக்கு வெந்நீர் ஒரு செம்பு நிறையக் கொடுத்து, குடித்து முடிக்கிறவரை பக்கத்திலேயே நின்றார். அவ்வளவு நல்ல மனுஷர். சூசை ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்தான். பக்கத்தில் உட்கார்ந்து ஏப்பம் மட்டும் விட்டான். அவனை அன்றைக்கே கொலை செய்யாமல் விட்டது முருகன் செயல். அந்த முருகனையும் அன்று சாயங்காலம் திருச்செந்தூரில் கோபுரத்துக்கு வெளியே நின்றுதான் கும்பிட்டேன். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாம் நாள் செம்மண் தேரி. மணலில் ஒரு எட்டு வைத்தால் அரை எட்டுப் பின்னால் வழுக்கும். உள்ளே என் கால் எரிந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு பனைமரமாகக் குறி வைத்து, அதுவரை, சரி, அடுத்ததுவரை என்று நடந்தேன். சூசைகூடக் கேலியை நிறுத்திவிட்டான்.

"மக்கா, நான் வேணும்னா தூக்கிட்டுப் போறேன்லே. ஊருக்கு வெளியே இறக்கி விட்டுருதேன்."

"போலே அங்கன! நடந்து வாரேன்னுதான் எழுதியிருக்கேன்."

சொன்னபடி மத்தியானம் மாமா வீட்டு வாசலில் நின்றேன். முற்றத்தில் பதநீர் கொதித்துக்கொண்டிருந்தது. மாமா எழுந்து வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நேரே பூட்ஸைப் பார்த்தார்.

"நடந்தா வந்தே?"

"ஆமா மாமா."

"சத்தியமா நடந்துதான் வந்தான், மாதா மேல ஆணை" என்றான் சூசை.

மாமாவின் முகம் கொஞ்சம் இளகியது. "சரி, உள்ள வா மருமவனே. ஏன் நிக்கே?"

இதற்காகத்தானே வந்தேன்! அந்த வீட்டுக்குள் போகத்தானே முப்பது மைலுக்குமேல் நடந்தேன்! கதவுக்குப் பின்னால் தங்கக்கனியின் வளையல் சத்தம் கேட்டது. என் வாய் தானாகத் திறந்தது.

"விரதம் மாமா. கன்னியாகுமரி போய்ச் சேருறவரைக்கும் எந்த வீட்டு வாசல்படியும் மிதிக்கிறதில்லைன்னு விரதம்."

சூசை என்னைத் திரும்பிப் பார்த்தான். காயலில் இதே வாய் வயிறு சரியில்லை என்று சொன்னதைக் கேட்டவன் அவன்.

மாமாவுக்கோ பரம திருப்தி. "விரதமா! பட்டணத்துல இருந்தாலும் பக்தி போவலியே! அப்ப அங்கனயே இரு. ஏளா தங்கக்கனி, அத்தானுக்குக் கால் கழுவத் தண்ணி கொண்டா."

வீட்டுக்கு வந்தவருக்குக் கால் கழுவத் தண்ணீர் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதை நான் மறந்தே போனேன். தங்கக்கனி செம்பைக் கொண்டுவந்து நீட்டினாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமா, அத்தை, பதநீர் கிண்டிக்கொண்டிருந்தவர்கள், சூசை. நான் செம்பை வாங்கினேன். வேறு என்ன செய்ய? குனிந்து பூட்ஸின் மேல் தண்ணீரை ஊற்றினேன். இடது பூட்ஸை நன்றாகத் தேய்த்துக் கழுவினேன். பிறகு வலது பூட்ஸையும் கழுவினேன். வெள்ளை வெள்ளையாக உப்பு கரைந்து முற்றத்தில் ஓடியது.

பிறகு தங்கக்கனி மெதுவாகக் கேட்டாள்.

"கழத்த முடியலையா அத்தான்?"

இங்கேதான் அழுதேன். ஒளிக்கவில்லை. இருபத்து மூன்று வயதில், மீசையோடு, அத்தனை பேர் முன்னால் விக்கி விக்கி அழுதேன். "மூணு நாளா முடியலை" என்றேன்.

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. (சிரிப்பைக் கல்யாணத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறாள்.) உள்ளே போய், பாளை சீவுகிற அரிவாளை எடுத்து வந்தாள். அந்த அரிவாள் மயிரைச் சீவினால் மயிர் இரண்டாகும். என்னை முற்றத்தில் உட்காரவைத்து, எதிரே தானும் உட்கார்ந்து, காலை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.

"ஏளா, காலு போயிரப் போவுது!" என்று மாமா கத்தினார்.

"ஆடாம இருந்தாப் போவாது" என்றாள் என்னைப் பார்த்து.

நான் மூச்சுகூட விடவில்லை. மேலிருந்து கீழே ஒரே கீறல். பூட்ஸ் நுங்கு மாதிரி இரண்டாகப் பிளந்தது. அடுத்தது இன்னொன்று. உள்ளேயிருந்து வந்த என் பாதங்களை எனக்கே அடையாளம் தெரியவில்லை. வீங்கி, வெளுத்து, தோல் உரிந்திருந்தன. பார்த்த அத்தை சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். வெட்கத்தில் எழுந்து நிற்கப் போய் ஈரக்காலை முற்றத்து மணலில் ஊன்றிவிட்டேன். தடம் பதிந்தது. அதே முழுத் தோசை.

மாமா குனிந்தார். டாக்டர் குனிந்த மாதிரியே குனிந்தார். எனக்கு எல்லாம் முடிந்தது என்று தோன்றியது. அவர் தன் காலைப் பக்கத்தில் ஊன்றி எடுத்தார். இரண்டு தடத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எங் காலு எம்புட்டு ஆழம் புதைஞ்சிருக்கு, இவன் காலப் பாருங்க. மணலுக்கு மேலேயே நிக்கி. இதைப் போயா கழிச்சான் அந்த டாக்டர்? தேரிக்கு இதுதாம்ல காலு!"

அன்றைக்கே வெற்றிலை மாற்றி நிச்சயம் பண்ண வேண்டும் என்றாள் அத்தை. நான் நாலு நாள் மருந்து போட்டுக்கொண்டு கிடந்துவிட்டு ஐந்தாம் நாள் கிளம்பினேன். மாமா வண்டி பூட்டித் தருகிறேன் என்றார். "கன்னியாகுமரிவரை நடந்து போறேன்னு எழுதியிருக்கேன்" என்றேன். பனைமட்டையை நறுக்கி, நார் கோத்து ஒரு ஜோடி செருப்பு செய்து கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு நானும் சூசையும் மணப்பாடு, பெரியதாழை வழியாகக் கன்னியாகுமரி போய்ச் சேர்ந்தோம். அந்த நடையில் ஒரு ஆபத்தும் வரவில்லை. அதனால் அதைப் பற்றி இதுவரை யாரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

எங்கள் வீட்டில் நான் எதிலாவது பிடிவாதம் பிடித்தால் தங்கக்கனி இன்றைக்கும் மகளைப் பார்த்து, "ஏளா, அந்த அருவாளை எடு" என்பாள். உடனே எல்லோரும் சிரிப்பார்கள், நான் இறங்கி வந்துவிடுவேன். ஆனால் அவளிடம் வேறொரு பழக்கமும் உண்டு. எங்கள் வீட்டுப் பெண்களைப் பார்க்க மாப்பிள்ளை வரும்போது அவள் அவன் முகத்தைப் பார்ப்பதில்லை, படிப்பைக் கேட்பதில்லை. வாசலில் நின்று அவன் காலையே பார்ப்பாள். அவன் செருப்பைச் சட்டென்று உதறிவிட்டு உள்ளே வந்தால் என் பக்கம் திரும்பி முகத்தைச் சுளிப்பாள்.

"என்ன, இவ்வளவு லேசாக் கழருது? இவன் நம்ம பிள்ளைக்காவ ரொம்ப தூரம் நடந்து வந்தவன் மாதிரித் தெரியலையே."